கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் முதல் ஆப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைக்கணக்கு பார்ப்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள், கல்லூரி முடித்த கையோடு எதையாவது செய்து பார்க்கத் துடிக்கும் பிள்ளைகள் என்று பலரும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் பற்றிக் கேட்கிறார்கள். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பதில்கள் முழுவதற்கும் ஒரே உதாரணம்: ஒரு வாடகைப் பாத்திரக் கடை. யார் எத்தனை நாற்காலி, எத்தனை அண்டா எடுத்துப் போனார்கள், எத்தனை திரும்பி வந்தன என்று நோட்டில் எழுதி வைக்கும் கணக்கை ஃபோனில் பதிவு செய்ய ஒரு சின்ன ஆப். திரையில் தெரியும் மெனுப் பெயர்களை உச்சரிப்புப்படியே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

ஆப்ஸ் ஸ்கிரிப்ட்னா என்னங்க? எதையாவது இன்ஸ்டால் பண்ணணுமா?

எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். ஒரு பிரவுசரும் ஒரு ஜிமெயில் கணக்கும் போதும். கோட் எழுதுவது பிரவுசரில், அது ஓடுவது கூகுளின் சர்வரில். கூகுள் ஷீட், ஜிமெயில், காலண்டர், டிரைவ் ஆகியவற்றை நேரடியாக இயக்கலாம். தனியாக எதையும் இணைக்க வேண்டியதில்லை. மொழி ஜாவாஸ்கிரிப்ட். 2009-இல் வந்த சேவை இது. 2020-இல் வி8 என்ற எஞ்சினுக்கு (ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் கூகுளின் மென்பொருள்) மாறிய பிறகு, இன்று எல்லோரும் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட்டைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொள்கிறது.

கோட் எழுத மட்டும் கம்ப்யூட்டர் வேண்டும். ஃபோனில் எடிட்டரைத் திறந்து எழுத முயல்வது கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் வேலை. எழுதி முடித்த ஆப் ஃபோனில் நன்றாகவே ஓடும்.

எனக்குக் கோடிங்னா என்னன்னே தெரியாது. என்னால முடியுமா?

ஷீட்டில் வி-லுக்அப், இஃப் எல்லாம் போட்டுப் பழகியவர் என்றால் கண்டிப்பாக முடியும். மாறி (மதிப்பு வைக்கும் பெயர்), ஃபங்ஷன் (ஒரு வேலைக்கான கோட் தொகுப்பு), இஃப், ஃபார் லூப் (திரும்பத் திரும்ப ஓட்டுவது), அரே (மதிப்புகளின் பட்டியல்) ஆகியவை புரிந்தால் இங்கே சொல்லும் ஆப்பை எழுதிவிடலாம். வகுப்பில் சேர்ந்து ஜாவாஸ்கிரிப்ட் முழுவதையும் படித்துவிட்டுத்தான் வருவேன் என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் வருவதே இல்லை.

ஏ.டபிள்யூ.எஸ்., ஃபயர்பேஸ்னு எவ்வளவோ இருக்கே, ஏன் இதைச் சொல்றீங்க?

அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ். கணக்கு தொடங்கும்போதே கார்டு கேட்கும். கூகுளின் ஃபயர்பேஸில் ஸ்பார்க் என்ற இலவசத் திட்டத்துக்குக் கார்டு தேவையில்லை. ஆனால் டேட்டாபேஸ், அதன் அனுமதி விதிகள், ஹோஸ்டிங், லாகின் என்று நாலு விஷயத்தை ஒன்றாகக் கற்றுக்கொண்டால்தான் முதல் பக்கமே திறக்கும். ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் முதல் நாளே ஏதாவது ஒன்று ஓடிவிடும்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. இங்கே தகவல் இருப்பது ஒரு ஷீட்டில். நீங்கள் எழுதிய ஆப் பழுதானாலும் கடைக்காரர் ஷீட்டைத் திறந்து கணக்கைப் பார்த்துக்கொள்வார், கையாலேயே ஒரு வரி சேர்த்துக்கொள்வார். புதிதாக எழுதுகிறவரின் ஆப் பழுதாகாமல் இருக்காது.

சரி, எங்கே ஆரம்பிக்கணும்? முதல்ல என்ன எழுதணும்?

கோடில் அல்ல, ஷீட்டில் ஆரம்பியுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். நாற்காலிக்கு ஒரு பத்தி (ஷீட்டில் மேலிருந்து கீழே போகும் கட்ட வரிசை), அண்டாவுக்கு ஒரு பத்தி, ஜமுக்காளத்துக்கு ஒரு பத்தி என்று அகலமாகப் போட்டுவிடுகிறார்கள். கடையில் புதிதாகக் குத்துவிளக்கு வாங்கியதும் ஷீட்டையும் மாற்ற வேண்டும், கோடையும் மாற்ற வேண்டும். அதற்குப் பதில் ஆறே பத்தி போதும்: நேரம், பெயர், ஃபோன், பொருள், எண்ணிக்கை, வகை. வகை என்பதில் ‘எடுத்தது’ அல்லது ‘திரும்பியது’.

ஒரு கல்யாண வீட்டுக்கு 200 நாற்காலியும் 2 அண்டாவும் போனால் இரண்டு வரி. மறுநாள் 188 நாற்காலி திரும்பி வந்தால் மூன்றாவதாக ஒரு வரி. பழைய வரியில் 200-ஐ அழித்து 12 என்று திருத்தவே கூடாது. பாக்கி 12 என்பது கூட்டிக் கழித்தால் கிடைக்கிற விடை. அதைக் கோட் பார்த்துக்கொள்ளும். நடந்ததை அப்படியே வரிவரியாக வைத்திருந்தால், ‘நாங்கள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோமே’ என்று யாராவது சொல்லும்போது தேதியோடு எடுத்துக் காட்டலாம்.

பொருள்களின் பட்டியலை அதே ஷீட்டின் இரண்டாவது தாளில் (கீழே உள்ள டேப்) வையுங்கள். பிறகு அதே ஷீட்டின் மெனுவில் எக்ஸ்டென்ஷன்ஸ், அதற்குள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட். முதல் ஃபங்ஷன் ஒரே ஒரு வேலை செய்தால் போதும்: ஏதாவது ஒரு பொய்த் தகவலை ஷீட்டின் கடைசியில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். ரன் பட்டனை அழுத்தி, அந்த வரி ஷீட்டில் வந்து விழுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இதுக்குக் கூகுள் ஃபார்ம்ஸே போதாதா?

பல நேரம் போதும். தகவல் வாங்குவது மட்டும்தான் வேலை என்றால் ஃபார்ம்ஸைப் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். ஆனால் ஃபார்ம்ஸ் வாங்கிக்கொள்ளும், திருப்பிச் சொல்லாது. ஒருவரின் பெயரைத் தட்டினால் அவரிடம் என்ன பாக்கி என்று காட்ட வேண்டுமென்றால் சொந்தப் பக்கம் எழுதத்தான் வேண்டும்.

டூகெட்னு ஒரு ஃபங்ஷன் எல்லா வீடியோலயும் வருதே, அது எதுக்கு?

உங்கள் ஆப்பின் லிங்கை யாராவது திறந்தால் கூகுள் முதலில் தேடி ஓட்டுவது அந்தப் பெயருள்ள ஃபங்ஷனைத்தான். பெயரை மாற்றக் கூடாது. அது ஒரு ஹெச்.டி.எம்.எல். பக்கத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கத்தை எடிட்டரிலேயே இன்டெக்ஸ் என்ற பெயரில் தனிக் கோப்பாக வைப்பது வழக்கம்.

ஆக, உங்கள் ஆப் இரண்டு இடங்களில் ஓடுகிறது. பட்டன், பெட்டி எல்லாம் பார்ப்பவரின் ஃபோனில். ஷீட்டைத் தொடும் கோட் கூகுளின் சர்வரில். ஃபோனில் இருக்கும் பக்கம் நேராக ஷீட்டைத் தொட முடியாது. கூகுள் டாட் ஸ்கிரிப்ட் டாட் ரன் என்ற வழியாகச் சர்வரில் உள்ள ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். எந்தக் கோப்பு எங்கே ஓடுகிறது என்பதைத் தெளிவாக மனத்தில் வைத்திருந்தால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் வராது.

சர்வர் ஃபங்ஷனைக் கூப்பிட்டா ‘அன்டிஃபைண்ட்’னுதான் வருது. ஷீட்ல பேர் இருக்கே?

கூப்பிட்ட வரியிலேயே விடை கிடைக்காது. கேள்வி இணையம் வழியாகச் சர்வருக்குப் போய், அங்கே ஷீட்டைப் படித்து, திரும்பி வர ஒன்றிரண்டு விநாடி ஆகும். ஃபோனில் உள்ள கோட் அதற்காக நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். அதனால்தான் வித்-சக்ஸஸ்-ஹேண்ட்லர் என்று ஒன்று இருக்கிறது: ‘விடை வந்ததும் இந்த ஃபங்ஷனிடம் கொடு’ என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. விடையைத் திரையில் காட்டும் வேலையை அந்த ஃபங்ஷனுக்குள் எழுதுங்கள்.

கூடவே வித்-ஃபெய்லியர்-ஹேண்ட்லரையும் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் சர்வரில் எரர் வந்தாலும் கடைப் பையனின் திரையில் ஒன்றும் நடக்காது. அவன் பட்டனை மறுபடி மறுபடி அழுத்துவான். அழுத்தியதும் பட்டனை முடக்கி, விடை வந்த பிறகு திறந்துவிடுவது நல்லது.

ஹேண்ட்லர் எல்லாம் போட்டாச்சு. இப்போ ‘நல்’னு வருது. சர்வர்ல பாத்தா விடை சரியா இருக்கு!

ஷீட்டில் தேதிப் பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். கெட்-வேல்யூஸ் தேதியைத் தேதிப் பொருளாகவே (டேட் ஆப்ஜெக்ட்) எடுத்துத் தரும். அந்தப் பொருளைச் சர்வரிலிருந்து பக்கத்துக்கு அனுப்ப முடியாது. நூறு வரியில் ஒரே ஒரு தேதி இருந்தாலும் மொத்த விடையும் நல் (வெறுமை) ஆகிவிடும், காரணமும் சொல்லாது. மணிக்கணக்கில் ஆளை உட்கார வைக்கும் சிக்கல் இது.

தீர்வு எளிது. அனுப்புவதற்கு முன் தேதியை எழுத்தாக மாற்றிவிடுங்கள். யுடிலிட்டீஸில் உள்ள ஃபார்மட்-டேட் இதற்குத்தான். திரையில் காட்ட மட்டும் என்றால் கெட்-வேல்யூஸுக்குப் பதில் கெட்-டிஸ்ப்ளே-வேல்யூஸ் போடுங்கள். ஷீட்டில் கண்ணுக்குத் தெரிவதையே எழுத்தாகத் தரும்.

‘கூகுள் இந்த ஆப்பைச் சரிபார்க்கவில்லை’ன்னு சிவப்பா பயமுறுத்துது. வைரஸா?

இல்லை. நீங்கள் எழுதிய கோட் உங்கள் ஷீட்டைத் தொட உங்களிடமே அனுமதி கேட்கிறது. பொதுமக்களுக்கு விடும் ஆப்களைக் கூகுள் சரிபார்க்கும். உங்கள் சொந்த ஆப் அந்தச் சோதனைக்குப் போகவில்லை, அவ்வளவுதான். அட்வான்ஸ்ட் என்பதை அழுத்தினால் கீழே தொடர்வதற்கான லிங்க் வரும். அந்தத் திரையில் டெவலப்பர் என்று உங்கள் மின்னஞ்சல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும். முன்பின் தெரியாதவர் அனுப்பிய ஷீட்டில் இதே திரை வந்தால் மூடிவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்து வரும் அனுமதிப் பட்டியலையும் படியுங்கள். சும்மா விட்டால் உங்கள் கணக்கில் உள்ள எல்லா ஷீட்களையும் பார்க்க, திருத்த, அழிக்க அனுமதி கேட்கும். பாத்திரக்கடை ஆப்புக்கு அது எதற்கு? கோடின் மேலே கமென்ட்டாக ஒன்லி-கரண்ட்-டாக் என்ற குறிப்பைச் சேர்த்தால் இந்த ஒரு ஷீட்டுக்கு மட்டும் கேட்கும்.

டிப்ளாய் பண்ணும்போது ‘எக்ஸிக்யூட் ஆஸ்’, ‘ஹூ ஹேஸ் ஆக்ஸஸ்’னு ரெண்டு கேள்வி. எதைப் போடணும்?

டிப்ளாய் என்பது ஆப்பை மற்றவர்கள் திறக்கும் லிங்க்காக வெளியிடுவது. அப்போது வரும் இந்த இரண்டு பெட்டிகளையும் யோசிக்காமல் தாண்டாதீர்கள். முதலாவது, கோட் யாருடைய உரிமையில் ஓட வேண்டும் என்று கேட்கிறது. ‘மீ’ என்று போட்டால் யார் திறந்தாலும் உங்கள் உரிமையில் ஓடும். கடைப் பையனுக்கு ஷீட்டைப் பகிர வேண்டியதில்லை, அவன் நேராகப் போய்ப் பழைய வரிகளை அழிக்கவும் முடியாது. ‘யூஸர் ஆக்ஸஸிங்’ என்று போட்டால் திறப்பவரின் உரிமையில் ஓடும். அவருக்கு ஷீட்டைத் திருத்தும் உரிமை கொடுத்தே ஆக வேண்டும், முன்பு சொன்ன அனுமதித் திரையும் அவருக்கு வரும்.

இரண்டாவது, யார் திறக்கலாம் என்பது. ‘எனிஒன்’ என்றால் லாகின் செய்யாதவர்களும் திறக்கலாம். ‘எனிஒன் வித் கூகுள் அக்கவுன்ட்’ என்றால் ஏதாவது ஒரு கூகுள் கணக்கில் லாகின் செய்திருக்க வேண்டும். ஆனால் அது உங்களுக்குத் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சாதாரண ஜிமெயில் கணக்கில் ‘மீ’ போட்டு ஓட்டும்போது, வந்தவரின் மின்னஞ்சல் என்ன என்று கோட் கேட்டால் வெறுமையாகத்தான் கிடைக்கும். ஆகவே மின்னஞ்சலை வைத்து ஆளை அடையாளம் காணலாம் என்ற திட்டம் இங்கே நடக்காது.

கடைக்கு நான் சொல்வது: ‘மீ’, ‘எனிஒன்’, அதோடு பதிவு செய்யும்போது ஒரு ரகசிய எண் கேட்பது. அந்த எண்ணை எங்கே சரிபார்க்க வேண்டும் என்பதைக் கீழே தனிக் கேள்வியாகவே வைத்திருக்கிறேன்.

கோடை மாத்திட்டேன், சேவ் பண்ணிட்டேன். லிங்க்ல பழசேதான் வருது!

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். சேவ் செய்வது வேறு, டிப்ளாய் செய்வது வேறு. எக்ஸெக் என்று முடியும் லிங்க், டிப்ளாய் செய்த அன்றைய கோடைத்தான் ஓட்டும். டிப்ளாய் மெனுவில் மேனேஜ் டிப்ளாய்மென்ட்ஸ் போய், பென்சிலை அழுத்தி, வெர்ஷன் என்ற இடத்தில் நியூ வெர்ஷன் தேர்ந்தெடுத்து மறுபடி டிப்ளாய் செய்யுங்கள். லிங்க் மாறாது.

நியூ டிப்ளாய்மென்ட் போகாதீர்கள். அது வேறு ஒரு லிங்க் தரும். கடையில் எல்லோர் ஃபோனிலும் இருப்பது பழைய லிங்க். எழுதும்போது பார்த்துக்கொள்ள டெஸ்ட் டிப்ளாய்மென்ட்ஸில் டெவ் என்று முடியும் லிங்க் இருக்கிறது. அதில் சேவ் செய்ததும் புதுசே ஓடும். கோடைத் திருத்தும் உரிமை உள்ளவருக்கு மட்டும்தான் அது திறக்கும் என்பதால் வேறு யாருக்கும் அதை அனுப்பிப் பயனில்லை.

எனக்கு நல்லா திறக்குது, இன்னொருத்தருக்கு ‘ஃபைலைத் திறக்க முடியவில்லை’னு வருது. ஏன்?

முதலில் டெவ் லிங்கை அனுப்பிவிட்டீர்களா என்று பாருங்கள். அது இல்லையென்றால், அவர் ஒரே பிரவுசரில் இரண்டு மூன்று ஜிமெயில் கணக்குகளில் லாகின் செய்திருப்பார். ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டுக்கும் பல கணக்குகளுக்கும் ரொம்ப நாளாகவே ஒத்துப்போவதில்லை. இன்காக்னிடோ டேபில் திறக்கச் சொல்லுங்கள். அங்கே திறந்தால் காரணம் இதுதான்.

லேண்ட்லைன் நம்பர்ல முன்னாடி இருக்கிற சைபர் காணாமப் போகுது, தேதியும் தலைகீழா மாறுது. என்ன பண்ண?

ஷீட் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு செய்யும் வேலை இது. 0452 என்று தொடங்கும் மதுரை எண்ணை அது கணக்கு எண்ணாகப் பார்த்துச் சைபரைத் தூக்கிவிடும். ஃபோன் பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, ஃபார்மட் மெனுவில் பிளெய்ன் டெக்ஸ்ட் ஆக்குங்கள். கோட் வழியாக எழுதும்போது எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள் குறி சேர்த்து அனுப்பினால் இன்னும் உறுதி. திரையில் அந்தக் குறி தெரியாது.

தேதி மாறுவதற்குக் காரணம் ஷீட்டின் லொகேல், அதாவது எந்த நாட்டு வழக்கம் என்ற அமைப்பு. அது யுனைடெட் ஸ்டேட்ஸ் என்று இருந்தால் 3/4 என்பது மார்ச் 4. ஃபைல் மெனுவின் செட்டிங்ஸில் இந்தியா என்று மாற்றுங்கள், அதன் பிறகு தட்டும் 3/4 ஏப்ரல் 3 ஆகிவிடும். நேரம் சில மணி முன்னே பின்னே விழுந்தால் டைம் ஸோன் தப்பு. ஷீட்டுக்கு ஒரு டைம் ஸோன், ஸ்கிரிப்ட்டின் புராஜெக்ட் செட்டிங்ஸில் இன்னொன்று. இரண்டையும் கொல்கத்தா என்று வையுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் ஜனவரி 0-வது மாதம் என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளுங்கள். மார்ச் வாடகை பிப்ரவரியில் போய் நிற்பது அதனால்தான்.

தமிழ்ல டைப் பண்ணினா வேலை செய்யுமா?

ஷீட், பக்கம், மெயில் எல்லாவற்றிலும் தமிழ் ஒழுங்காக வரும். ஜாவாஸ்கிரிப்ட் விதிப்படி மாறிகளுக்கும் ஃபங்ஷன்களுக்கும்கூடத் தமிழ்ப் பெயர் வைக்கலாம். ஆனால் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். எழுத்து எண்ணிக்கை நம் கணக்குப்படி இருக்காது. ‘கி’ என்பது கோடுக்கு இரண்டு. அகர வரிசையும் நம்முடையது அல்ல. யூனிகோட் (கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறை) அட்டவணையில் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற இருப்பதால் சாதாரணமாக வரிசைப்படுத்தினால் பட்டியல் கோணலாக வரும். பொருள் பட்டியலுக்கு ஒரு வரிசை எண் பத்தி வைத்து அதன்படி அடுக்கிவிடுங்கள்.

மூன்றாவதுதான் கண்ணில் படாதது. ‘கொ’ போன்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஒரே குறியாகவும், கொம்பு தனி, கால் தனி என்றும். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒப்பிட்டால் சமமில்லை என்று வரும். ஒருவர் ஒரு கீபோர்டிலும் இன்னொருவர் வேறொன்றிலும் தட்டினால் ‘கொப்பரை’ இரண்டு பொருளாகிவிடலாம். நார்மலைஸ் என்ற ஃபங்ஷனில் போட்டு எடுத்த பிறகு ஒப்பிடுங்கள். அதைவிட நல்லது, பொருளைத் தட்டவே விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைப்பது.

பாக்கி கணக்கு வர அரை நிமிஷம் ஆகுது. கூகுள் சர்வர் இவ்வளவு மெதுவா?

உங்கள் கோடில் லூப்புக்குள் கெட்-வேல்யூ இருக்கும், பாருங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகக் கேட்கும்போது ஒவ்வொரு முறையும் ஸ்கிரிப்ட் ஷீட் சேவையிடம் போய்த் திரும்புகிறது. ஐநூறு வரி, ஆறு பத்தி என்றால் மூவாயிரம் நடை. லூப்புக்கு வெளியே ஒரே ஒரு கெட்-வேல்யூஸ் போட்டு மொத்தத்தையும் அரேயாக எடுத்துக்கொண்டு, கூட்டல் கழித்தலை அந்த அரேயில் செய்யுங்கள். எழுதும்போதும் அப்படியே, செட்-வேல்யூஸ் ஒரே தடவை.

ஷீட்டில் வரிசை 1-இல் தொடங்கும், அரேயில் 0-வில் தொடங்கும். முதல் வரி தலைப்பு வேறு. திருத்த வேண்டிய வரிக்கு ஒன்று மேலே எழுதிவிட்டு விழிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் எழுதிப் பார்க்கவும்.

ரெண்டு பேர் ஒரே நேரத்துல பதிவு பண்ணினா என்ன ஆகும்?

கடைசியில் வரி சேர்ப்பது மட்டும்தான் என்றால் அப்பெண்ட்-ரோ பார்த்துக்கொள்ளும். பதிவுக்குப் பதிவு வரிசையாக ஒரு சீட்டு எண் போடுவதாக இருந்தால்தான் சிக்கல். கடைசி எண் 57 என்று இருவரும் ஒரே கணத்தில் படித்தால் இருவருக்கும் 58 விழும். லாக்-சர்வீஸ் இதற்காகவே இருக்கிறது: பூட்டை எடு, எண்ணைப் படி, எழுது, பூட்டை விடு. இடையில் எரர் வந்தாலும் பூட்டை விடும்படி ஃபைனலியில் எழுதுங்கள்.

ரகசிய எண்ணை எங்கே வைக்கணும்? லிங்க் வெளியே போயிட்டா யாராவது விளையாடிட மாட்டாங்களா?

ஹெச்.டி.எம்.எல். கோப்பில் மட்டும் வைக்காதீர்கள். அது பார்ப்பவரின் பிரவுசருக்கே போவதால், கம்ப்யூட்டரில் வியூ சோர்ஸ் தெரிந்த எவரும் படித்துவிடுவார். புராஜெக்ட் செட்டிங்ஸில் ஸ்கிரிப்ட் பிராப்பர்ட்டீஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே வைத்து, சர்வர் ஃபங்ஷனுக்குள் சரிபாருங்கள். ஸ்கிரிப்ட்டைத் திருத்தும் உரிமை உள்ளவர்களுக்கு அதுவும் தெரியும், மறக்க வேண்டாம்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: பக்கத்தில் பட்டனே இல்லாவிட்டாலும், சர்வரில் உள்ள எந்த ஃபங்ஷனையும் பெயர் தெரிந்தால் பக்கத்திலிருந்து கூப்பிட முடியும். சோதனைக்காக ‘எல்லாவற்றையும் அழி’ என்று ஒன்று எழுதி வைத்திருந்தால் அதையும்தான். ஃபங்ஷன் பெயரின் கடைசியில் அடிக்கோடு ஒன்று சேர்த்துவிட்டால் வெளியிலிருந்து கூப்பிட முடியாது. உள்வேலைக்கான ஃபங்ஷன் எல்லாவற்றுக்கும் இதைப் பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வரும் தகவலையும் சர்வரில் சோதிக்க வேண்டும். எண்ணிக்கை எண்தானா, பொருள் பட்டியலில் உள்ளதா, பெயர் சமக்குறியில் தொடங்குகிறதா என்று பாருங்கள். சமக்குறியில் தொடங்கும் எதையும் ஷீட் ஃபார்முலாவாக ஓட்டப் பார்க்கும்.

தினமும் காலைல 8 மணிக்குப் பாக்கிப் பட்டியல் மெயில்ல வரணும். முடியுமா?

டிரிக்கர்ஸ் (கோடைத் தானாக ஓட்டும் ஏற்பாடு) பகுதியில் டே டைமர் போடலாம். ஆனால் 8 மணி என்று துல்லியமாகக் கேட்க முடியாது. 8-இலிருந்து 9-க்குள் என்றுதான் தேர்ந்தெடுக்கலாம், அதற்குள் எப்போது என்பது கூகுளின் விருப்பம். டிரிக்கரை யார் போட்டாரோ அவர் பெயரில்தான் அது ஓடும், மெயிலும் அவர் முகவரியிலிருந்துதான் போகும்.

நிஜமாவே ஃப்ரீயா? எந்த இடத்துல காசு கேப்பாங்க?

காசு கேட்க மாட்டார்கள், நிறுத்திவிடுவார்கள். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு ஓட்டம் 6 நிமிடத்தைத் தாண்டினால் பாதியில் அறுந்துவிடும். ஒரு நாளைக்கு 100 பேருக்கு மெயில் அனுப்பலாம். கட்டணம் கட்டும் வொர்க்ஸ்பேஸ் கணக்கில் 1,500. டிரிக்கர் வழியாக ஓடும் மொத்த நேரம் நாளைக்கு 90 நிமிடம். ஒரு ஷீட்டில் 1 கோடி கட்டங்கள். பாத்திரக்கடைக்கு இதில் எதுவும் இடிக்காது. ஊர்வலம் போல நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் திறக்கும் ஆப் என்றால் இடிக்கும்: ‘மீ’ என்று போட்டிருந்தால் எல்லா ஓட்டமும் உங்கள் கணக்கில்தான் ஏறும், ஒரு கணக்குக்கு ஒரே சமயத்தில் 30 ஓட்டம்தான்.

இதைப் பிளே ஸ்டோர்ல போடலாமா?

இது வலைப்பக்கம்தான். ஃபோனின் குரோமில் திறந்து ‘ஆட் டு ஹோம் ஸ்கிரீன்’ கொடுத்தால் ஐகான் வந்துவிடும், கடைக்கு அது போதும். மேலே ‘இது ஒரு ஆப்ஸ் ஸ்கிரிப்ட் பயனர் உருவாக்கியது’ என்ற பட்டை தெரியலாம். கோடை மாற்றி அதை எடுக்க முடியாது, விட்டுவிடுங்கள்.

சாட்ஜிபிடி கிட்ட கேட்டா முழுக் கோடும் எழுதித் தருதே, நான் ஏன் கத்துக்கணும்?

வாங்கிக்கொள்ளுங்கள், நானும் வாங்குகிறேன். அதற்கு உங்கள் ஷீட்டின் பத்தி வரிசை தெரியாது, சொல்லிக் கேளுங்கள். சில நேரம் இல்லாத ஃபங்ஷனை இருப்பதுபோல எழுதும், மேலே சொன்ன தேதிச் சிக்கலை அப்படியே விட்டுவிடும், உள்வேலை ஃபங்ஷனுக்கு அடிக்கோடு போடாது. இருநூறு வரியை ஒரேயடியாக ஒட்டினால் எரர் எந்த மூலையில் என்று தேடுவது உங்கள் பாடு. ஒரு ஃபங்ஷன் வாங்குங்கள், ஓட்டிப் பாருங்கள், பிறகு அடுத்தது.

நான் வேற ஊருக்குப் போயிட்டா கடைக்காரர் என்ன செய்வார்?

ஆப் உங்கள் கணக்கில் இருந்தால் உங்களைத் தேடி வருவார். ‘மீ’ என்று டிப்ளாய் செய்தது உங்கள் உரிமையில் ஓடுகிறது. நீங்கள் அந்தக் கணக்கை அழித்தால் ஆப்பும் போய்விடும். அதனால் முதல் நாளே கடைப் பெயரில் ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்கி, ஷீட், ஸ்கிரிப்ட், டிப்ளாய், டிரிக்கர் எல்லாவற்றையும் அதிலேயே செய்யுங்கள். பாஸ்வேர்ட் கடைக்காரரிடம் இருக்கட்டும்.

ஏற்கெனவே உங்கள் கணக்கில் செய்துவிட்டீர்கள் என்றால், ஷீட்டைக் கடைக் கணக்கோடு பகிர்ந்து, அங்கிருந்து மேக் எ காப்பி கொடுங்கள். ஒட்டியிருக்கும் ஸ்கிரிப்ட்டும் கூடவே வரும். டிப்ளாய்மென்ட்டும் டிரிக்கரும் வராது. அவற்றை அங்கே புதிதாகப் போட வேண்டும், லிங்க்கும் மாறும்.

எப்போ இதை விட்டுட்டு வேற பிளாட்ஃபார்முக்குப் போகணும்?

ஆளுக்கு ஆள் தனி லாகின் வேண்டும், ஒருவர் தகவலை இன்னொருவர் பார்க்கக் கூடாது என்ற நிலை வந்தால் போங்கள். ஷீட்டில் பத்தாயிரக்கணக்கான வரிகள் சேர்ந்து, மொத்தமாகப் படித்தாலும் பக்கம் திறக்க நேரமாகிறது என்றால் போங்கள். ஆப் வழியாகப் பணம் வாங்கும் யோசனை வந்தாலும் போங்கள். வரிவரியாக வைத்திருந்தால் ஷீட்டை சி.எஸ்.வி. (காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பு) ஆக இறக்கி எந்த டேட்டாபேஸிலும் ஏற்றிவிடலாம். பொருளுக்கு ஒரு பத்தி போட்டவர்கள் அன்றைக்கு முதலில் ஷீட்டைப் பிரித்துத் திருப்பி எழுத வேண்டியிருக்கும்.